மெய் என்றால் உடம்பு

சின்னவள் பொய் சொன்னாள் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. பொய் சொல்ல வாயைத் திறக்க வேண்டும். அவள் மூடிக்கொண்டாள், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு விஷயம் மூன்று வருஷத்துக்கு மேல் வளர்ந்து, தெரு முழுக்கச் சுற்றி, கடைசியில் ஒரு டாக்டரின் மேசையில் போய் நின்றது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் வம்பில்லை என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கேட்டுவிட்டுப் போகலாம்.

வீட்டில் நாலு பேர். அப்பா நகரப் பேருந்து ஓட்டுகிறவர். இருபத்திரண்டு வருஷமாக ஒரே வழித்தடம். அதனால் வீட்டுக்குள் நடக்கும்போதுகூட, கூடத்திலிருந்து சமையலறைக்குத் திரும்பும் இடத்தில் லேசாகச் சாய்வார். பெரியவள் கணக்கியல் படித்தவள். சான்றிதழ் கைக்கு வந்த மாதமே ஒரு சரக்குக் கம்பெனியில் மேசையும் நாற்காலியும் கிடைத்துவிட்டன. அம்மா தையல்காரி. வீட்டின் முன்னறைதான் அவள் கடை. புதுத்துணி தைப்பதைவிடப் பழையதைச் சரிசெய்வதில்தான் அவளுக்குப் பேர். ஜிப் மாற்றுவாள், இடுப்பைப் பிரித்துவிடுவாள், கால்சட்டை நீளத்தைக் குறைப்பாள். சுவரில் மூன்று ஆணிகள் இருந்தன. முதல் ஆணியில் முடிந்த வேலை, இரண்டாவதில் நாளைக்கு முடிகிற வேலை, மூன்றாவதில் தொட்டே பார்க்காத வேலை. முதல் இரண்டுக்கும் பேர் கிடையாது. மூன்றாவதை எல்லோரும் 'ஐயோ ஆணி' என்றுதான் சொல்வார்கள். ஏனென்றால் அதில் தொங்குகிற துணிக்குச் சொந்தக்காரர் வாசலில் தெரிந்தால் அம்மா அதைத்தான் சொல்வாள்.

அம்மாவிடம் ஒரு பழக்கம். யார் வந்து "இறுக்கமா இருக்கு" என்றாலும் உடனே கத்தரியை எடுக்க மாட்டாள். "எங்க பிடிக்குது? நின்னாலா, உட்கார்ந்தாலா? எப்போலேருந்து?" என்று ஆரம்பித்துவிடுவாள். பாதிப் பேருக்குத் தங்கள் துணி எங்கே பிடிக்கிறது என்றே தெரியாது என்பது அவள் கட்சி. "இடுப்புன்னு அடிச்சுச் சொல்வாங்க. பார்த்தா தொடையில பிடிக்கும். அவங்க பேச்சைக் கேட்டு இடுப்பைப் பிரிச்சுவிட்டா, நடுத்தெருவுல அவிழ்ந்து விழுந்து சந்தி சிரிச்சுடும்" என்பாள். கேட்டதையெல்லாம் அளவுச் சீட்டில் எழுதி, துணியோடு ஊசியால் குத்தி வைப்பாள்.

இரண்டு தெரு தள்ளி ஒரு மருத்துவமனை உண்டு. அங்கிருந்து வெள்ளைக் கோட்டுகள் மூட்டையாக வரும். பித்தான் போயிருக்கும், பை கிழிந்திருக்கும். மற்றத் துணிகளை மடிப்பதற்கும் அந்தக் கோட்டுகளை மடிப்பதற்கும் அம்மாவின் கையில் வித்தியாசம் தெரியும். தன் வீட்டு ஆள் ஒருத்தர் அதைப் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பெரியவளுக்கு ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும், எண்களைப் பார்த்தால் தெளியும். அவளை விட்டுவிட்டாள். மிச்சம் இருந்தது சின்னவள். அவளுக்குப் பள்ளியில் மார்க் மோசமில்லை. ஆனால் டாக்டர் படிப்புக்கு அம்மாவின் கணக்குப்படி 'ஒரு கை நீளம்' குறைந்துவிட்டது.

கல்லூரிப் படிவத்தை நிரப்ப வேண்டிய நாளில் நாலு பேரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பெரியவள் ஸ்கேலும் பென்சிலும் எடுத்து வந்தாள். பாடப் பட்டியலில் வேலை கிடைக்காது என்று அவளுக்குத் தோன்றியதையெல்லாம் வரிசையாக அடித்தாள். அப்பா தன் பேருந்தில் ஏறுகிறவர்களை வைத்துப் பேசினார். "வரலாறு படிச்ச ஒருத்தர் தினமும் ஏழு நாற்பதுக்கு ஏறுறார். எப்பப் பார்த்தாலும் தூக்கம்" என்றார். "படிப்புங்கறது டிக்கெட் எடுக்கற மாதிரி. எங்க இறங்கணும்னு தெரிஞ்சுக்கிட்டு எடுக்கணும்."

சின்னவள் அந்தப் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் ஒரு பாடத்தைப் பார்த்துவிட்டாள். மெய்யியல். அதன் கீழே சின்ன எழுத்தில் ஒரு விளக்கம்: 'நமக்குத் தெரிந்தது உண்மைதானா, அது எப்படித் தெரியும் என்பன போன்ற கேள்விகளை ஆராயும் துறை.' அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சின்ன வயசிலிருந்து "ஏன், எப்படி, யார் சொன்னது" என்று கேட்டு எல்லோரிடமும் திட்டு வாங்கியவள் அவள். அதையே கேட்டால் மார்க் போடுகிறார்கள் என்றால் யார்தான் விடுவார்கள்?

தத்துவம் என்று நாலு பேருக்குப் புரிகிற மாதிரி அச்சடித்திருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். அம்மா அந்தப் பக்கத்தைக் கிழித்து அளவுச் சீட்டாக்கியிருப்பாள். கல்லூரிக்காரர்கள் அழகு பார்த்து மெய்யியல் என்று போட்டுவிட்டார்கள்.

"இதுதான் வேணும்" என்று சின்னவள் விரலை வைத்தாள்.

"மெய்யியல்னா என்னடி?" என்றாள் அம்மா.

"மெய்னா உனக்குத் தெரியாதாம்மா?"

அவள் உண்மை என்கிற அர்த்தத்தில்தான் கேட்டாள். சத்தியமாக அப்படித்தான் கேட்டாள். ஆனால் அம்மா கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஏன் தெரியாது? மெய்னா உடம்பு. மெய் சிலிர்க்குதுன்னு சொல்றோமே" என்றாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப உடம்பைப் பத்தின படிப்பு. டாக்டருக்கு ஒரு படி கீழ. அப்படித்தானே?"

அங்கேதான் சின்னவள் வாயை மூடிக்கொண்டாள்.

பெரியவளுக்கு விஷயம் தெரியும். அன்று சாயங்காலமே தங்கையைத் துணி காயப்போடும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். "எனக்கு இது சரியாப் படலை. நானா போய்ச் சொல்ல மாட்டேன். ஆனா அம்மா என்னை நேராக் கேட்டா மறைக்கவும் மாட்டேன்" என்றாள். அம்மா கேட்கவே இல்லை. சந்தேகம் வந்தால்தானே கேட்க? மறுநாளே கால்சட்டை வாங்க வந்தவர், பை தைக்க வந்தவர் எல்லோரிடமும், "நான் வெளியே அளவெடுக்கறேன். என் பொண்ணு உள்ளே அளவெடுக்கப் போறா" என்று சொல்லியாகிவிட்டது.

கல்லூரியில் முதல் நாள் முதல் வகுப்பில் பேராசிரியர் உள்ளே வந்ததும் வராததுமாக, "உண்மை என்றால் என்ன?" என்று கேட்டார். முப்பது பேர் உட்கார்ந்திருந்த அறையில் தன்னை மட்டும் கேட்ட மாதிரி சின்னவளுக்கு வியர்த்தது. ஆனாலும் அந்தப் படிப்பு அவளுக்குப் பிடித்துப்போனது. ஒருவர் சொல்வதில் எந்தச் சொல் கனமானது, எது வெறும் காற்று என்று பிரித்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அவள் புத்தகத்தைச் சாப்பாட்டு மேசைக்கே கொண்டுவந்து படித்தாள். அம்மா அட்டையைப் பார்த்துப் பெருமைப்பட்டு, மேலே எண்ணெய் படாமல் ஒரு துணியுறை தைத்துக் கொடுத்தாள். உறைக்குள்ளே இருந்தது என்ன என்று நினைக்க நினைக்கச் சின்னவளுக்குச் சோறு இறங்காது.

முதலில் வந்தவர் எதிர்வீட்டுத் தபால்காரர். ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் மாடிப்படி ஏறிய முழங்கால். "உடம்பைப் பத்திப் படிக்கறியாமே, இந்த முழங்காலைக் கொஞ்சம் பாரும்மா" என்று கால்சட்டையை மடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா மெஷினை நிறுத்திவிட்டு ஆவலோடு பார்த்தாள். சின்னவள் முக்காலியை இழுத்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். ஏதாவது மருந்தைச் சொல்லி இவருக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் என்ன செய்வது? அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கேள்வி கேட்பது மட்டும்தான். அதனால் கேட்டாள்.

"எங்க வலிக்குது, ஒரு விரலால தொட்டுக் காட்டுங்க. எப்போலேருந்து? ஏறும்போதா, இறங்கும்போதா? வலின்னா குத்துதா, இழுக்குதா? எது செஞ்சா குறையுது?"

அவர் சொன்னதை எல்லாம் அம்மாவின் அளவுச் சீட்டு ஒன்றின் பின்பக்கம் எழுதினாள். மேலிருந்து கீழே ஐந்து கேள்வி. எங்கே? எப்போதிலிருந்து? எது செய்தால் கூடுகிறது? எது செய்தால் குறைகிறது? இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள்? எழுதி முடித்துச் சீட்டை நீட்டினாள். "இதை அப்படியே டாக்டர்கிட்ட காட்டுங்க. நான் மருந்தெல்லாம் சொல்லக்கூடாது" என்றாள். தப்பித்தோம் என்று மூச்சு விட்டாள்.

அடுத்த வாரம் தபால்காரர் சிரித்துக்கொண்டே வந்தார். அந்த மருத்துவமனைக் கூட்டத்தில் டாக்டர் ஒருவரைப் பார்க்கிற நேரம் நாலு நிமிஷம்கூட இருக்காது. வழக்கமாக அதில் மூன்று நிமிஷம் இவர் தன் உத்தியோகக் கதையைச் சொல்லிக் கழித்துவிடுவார். இந்தத் தடவை டாக்டரம்மா சீட்டைப் படித்துவிட்டு இடுப்பை அழுத்திப் பார்த்தாராம். கோளாறு முழங்காலில் இல்லையாம், இடுப்பிலிருந்து இறங்குகிற வலியாம். அம்மா, "நான்தான் சொன்னேனே, பிடிக்கற இடம் வேற, சொல்ற இடம் வேற" என்று மெஷினை ஓட்டினாள்.

அப்புறம் கேட்க வேண்டுமா? தோள் பிடித்தவர், தலை சுற்றுபவர், ராத்திரி தூக்கம் வராதவர் என்று ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். முன்னறையில் ஒரு பக்கம் அம்மா நாடாவோடு, இன்னொரு பக்கம் சின்னவள் சீட்டோடு. ஒரு மருந்துப் பேர்கூட அவள் எழுதியதில்லை. "சாதாரண தலைவலிதானேம்மா, ஏதாவது சொல்லேன்" என்று கெஞ்சினாலும் சொல்ல மாட்டாள். பேச ஆரம்பித்தவர் நடுவில் நிறுத்தினால் அவளும் நிறுத்திக் காத்திருப்பாள். அந்த நேரங்களில் அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும். எழுந்து போனதும், 'இவர் என்னை நம்பி வந்ததே ஒரு பொய்யை நம்பித்தானே' என்று உறுத்தும். இப்படியே மூன்று வருஷம் போனது. பட்டமும் வந்தது.

வேலை வரவில்லை.

எந்த விண்ணப்பத்தை எடுத்தாலும் பாடப் பட்டியலில் மெய்யியல் இருக்காது. கடைசியில் 'மற்றவை' என்று ஒரு வரி இருக்கும், அதில் போய் ஒண்டிக்கொள்வாள். கூடப் படித்தவர்களில் ஒருத்தி குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தாள், ஒருவன் கல்லூரியிலேயே மேல்படிப்புக்கு உட்கார்ந்துவிட்டான். சின்னவள் போன இடங்களைச் சொன்னால் சிரிப்பு வரும். ஒரு அச்சகத்தில் பிழை திருத்த ஆள் கேட்டிருந்தார்கள். முதலாளி சான்றிதழைப் பார்த்துவிட்டு, "மெய்யியல்... மெய்யெழுத்தைப் பத்தின படிப்பா? க், ங், ச்? அதுக்கு மூணு வருஷமா?" என்றார். காவல் ஆட்களை அனுப்பும் கம்பெனி ஒன்றில், உண்மையைப் பற்றிய படிப்பு என்று சொல்லிப் பார்த்தாள். "துப்பறியறதா? கைரேகை எடுக்கத் தெரியுமா?" என்று ஆவலாகக் கேட்டார்கள். தெரியாது என்றதும் ஆவல் வடிந்துவிட்டது.

எட்டு மாதம் இப்படி ஓடியது. பெரியவள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு படிவம் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கணக்கியல், இரண்டு வருஷம், முதலிலிருந்து. "வெள்ளிக்கிழமை கடைசி நாள். உன்னைக் குத்திக்காட்டறதுக்காக இல்லடி. எனக்கு வேற வழி தெரியல" என்றாள். அவள் குரலில் கேலி இல்லை. அதுதான் சின்னவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அவளுக்குக் கணக்கு என்றால் வேப்பங்காய்.

அந்தத் திங்கட்கிழமை கோட்டு மூட்டையைக் கொடுக்கப் போன அம்மா, மருத்துவமனை அறிவிப்புப் பலகையில் ஒன்றைப் பார்த்துவிட்டுக் கிட்டத்தட்ட ஓடிவந்தாள். டாக்டரைப் பார்க்கும் முன் நோயாளிகளிடம் விவரம் கேட்டு எழுத ஆள் வேண்டுமாம். "உனக்குன்னே போட்ட மாதிரி இருக்குடி. உன் படிப்பும் சரி, பழக்கமும் சரி" என்றாள். செவ்வாய்க்கிழமை காலையில் இருவரும் கிளம்பினார்கள். அம்மா புதுச் செருப்பு போட்டுக்கொண்டாள்.

நிர்வாகியின் அறைக் கதவு சரியாக மூடாது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்த அம்மாவுக்கு உள்ளே பேசுவதெல்லாம் கேட்கும். நிர்வாகி ஒல்லியான மனிதர். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு மேசையெல்லாம் தேடிக்கொண்டிருந்தார். சின்னவள் அவர் தலையைச் சுட்டிக் காட்டியதும் எடுத்துப் போட்டுக்கொண்டு படிவத்தைப் பார்த்தார்.

"மெய்யியல்... எங்க பட்டியல்ல அப்படி ஒண்ணு இல்லையேம்மா. செவிலியம் இருக்கு, உடலியல் இருக்கு." கொஞ்சம் யோசித்தார். "மெய்னா உடம்புதானே. உடலியல்னு போட்டுடறேன். ரெண்டும் ஒண்ணுதான்."

பேனா காகிதத்தை நோக்கி இறங்கியது. சின்னவள் அதையே பார்த்தாள். அன்றைக்கு மாதிரியே வாயை மூடிக்கொண்டால் போதும். வேலை கிடைத்துவிடும், வெள்ளிக்கிழமைப் படிவம் தேவையில்லை, வெளியே பெஞ்சில் புதுச் செருப்போடு உட்கார்ந்திருப்பவள் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போவாள். ஆனால் இங்கே வருகிறவர்கள் முன்னறைக்கு வருகிற தபால்காரர் அல்ல. உடம்பைப் படித்தவள் என்று நம்பி ஒரு நாள் யாராவது இவளை ஏதாவது செய்யச் சொன்னால்?

"ரெண்டும் ஒண்ணு இல்ல சார்" என்றாள். குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. "இந்த மெய் உடம்பு இல்ல. உண்மை. தத்துவம்னு சொல்வாங்களே, அதுதான்."

நிர்வாகி பேனாவை நிறுத்தினார். "அப்ப உடம்பைப் பத்தி ஒண்ணுமே படிக்கலையா?"

"ஒரு வாரம் படிச்சோம் சார். உடம்புன்னு ஒண்ணு நிஜமாவே இருக்கான்னு."

"இருக்கா?"

"முடிவு சொல்லாமலே பாடத்தை முடிச்சுட்டாங்க."

நிர்வாகி நல்ல மனிதர்தான், சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இங்க வர்றவங்களுக்கு அந்தச் சந்தேகமே கிடையாதும்மா. வலிச்சுக்கிட்டே வருவாங்க. பட்டியல்ல இல்லாத பாடத்துக்கு நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். சீட்டு எழுதுகிற விஷயத்தைச் சொல்லலாமா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. அதுவும் பொய்யில் முளைத்ததுதானே என்று விட்டுவிட்டாள்.

வெளியே அம்மா எழுந்து நின்றிருந்தாள். நாலடி முன்னால் நடந்தாள். பேக்கரி முனை வந்ததும் நின்று திரும்பினாள்.

"மூணு வருஷம் என்கிட்ட பொய் சொல்லிட்டு, உண்மையைப் படிச்சிருக்கே."

"நான் பொய் சொல்லலம்மா. நீயா உடம்புன்னு..."

"நான் உடம்புன்னு சொன்னப்ப நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல."

"அதைத்தான் சொல்றேன்" என்றுவிட்டு அம்மா மறுபடி நடந்தாள். "தெருவுல எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா? இனிமே அவங்க மூஞ்சில எப்படி முழிக்கறது?"

சின்னவளுக்கு அழுகையாக வந்தது. வேலை போனதைவிட, அந்தப் புதுச் செருப்பைப் பார்க்கத்தான் முடியவில்லை. வீட்டில் அன்று முழுக்க மெஷின் சத்தம் மட்டும்தான். அம்மா அவசரமே இல்லாத ஒரு திரைச்சீலையை எடுத்து ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். அப்பா வேலையிலிருந்து வந்து, இருவர் முகத்தையும் பார்த்து, பெரியவளிடம் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, திருப்பத்தில் சாயாமல் நேராகப் போய்ப் படுத்துக்கொண்டார்.

புதன்கிழமை சின்னவள் எதிர்வீட்டுக்குப் போனாள். இனி யாருக்காவது முதலில் சொல்ல வேண்டுமென்றால் அது தபால்காரருக்குத்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவர் யோசித்தார்.

"அப்ப நீ உடம்பைப் படிக்கவே இல்லையா?"

"இல்லை."

"அதைக் கேட்டு என் கால் மறுபடி வலிக்கப்போகுதா என்ன? உட்காரும்மா." அப்புறம் அவர், "நீ என்ன, மருந்தா கொடுத்தே? நான் பேசறதை யாரும் முழுசாக் கேட்டதில்ல. நீ கேட்டே. வேணும்னா உங்க அம்மாகிட்ட நான் வந்து சொல்றேன்" என்றார். வந்து சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். சின்னவள் இல்லாத நேரத்தில் அவர் ஒரு நல்ல சட்டையை எடுத்துக்கொண்டு, பித்தான் தளர்ந்திருக்கிறது என்று சொல்லி, முன்னறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம்.

வியாழக்கிழமை அம்மா கோட்டு மூட்டையோடு போனாள். வழக்கமாக அரை மணியில் திரும்புகிறவள் மத்தியானம்தான் வந்தாள். எங்கே போனாய் என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை சின்னவள் கணக்கியல் படிவத்தில் தன் பேரை எழுதி, பிறந்த தேதியும் எழுதி, 'முன்பு படித்த பாடம்' என்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. மருத்துவமனையிலிருந்து. டாக்டர் உடனே வரச் சொல்கிறாராம். கோட்டில் ஏதோ தையல் தகராறு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டவர். மேசையில் காகிதக் கட்டு ஒன்று இருந்தது. எல்லாம் அளவுச் சீட்டுகள். தோள், மார்பு, இடுப்பு என்று அச்சடித்த பக்கத்தைக் கவிழ்த்து, பின்பக்கம் சின்னவளின் கையெழுத்து. மூன்று வருஷமாக நோயாளிகள் கொண்டுவந்து கொடுத்த சீட்டுகள்.

"இதெல்லாம் யாரோ ஓய்வு பெற்ற நர்ஸ் எழுதறாங்கன்னு நினைச்சிருந்தேன்" என்றார் டாக்டர். "ஒரு சீட்டுலகூட மருந்துப் பேர் இல்ல. ஏன் எழுதல?"

"எனக்குத் தெரியாதே டாக்டர்."

"தெரியாதவங்கதான் இங்க நிறைய எழுதறாங்க." பிறகு மேசை இழுப்பறையிலிருந்து இன்னொரு சீட்டை எடுத்தார். "நேத்து பதினேழாம் நம்பர் டோக்கன். கூட்டத்துல வரிசையா உட்கார்ந்து வந்தாங்க. என்ன செய்யுதுன்னு கேட்டேன். வாயைத் திறக்காம இதைக் கொடுத்தாங்க."

அதே அளவுச் சீட்டு. அதே ஐந்து கேள்வி. ஆனால் எழுத்து சின்னவளுடையது இல்லை. துணியில் சாக்பீஸால் குறி போடுகிறவளின் கொட்டை கொட்டையான எழுத்து.

எங்கே? வீட்டில். சின்ன மகளுக்கு வேலை இல்லை.

எப்போதிலிருந்து? பட்டம் வாங்கி எட்டு மாதமாக.

எது செய்தால் கூடுகிறது? என்ன படித்தாய் என்று யாராவது கேட்டால்.

எது செய்தால் குறைகிறது? வலியோடு யாராவது வந்து எதிரில் உட்கார்ந்தால். அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள்? பொய். மூன்று வருஷம். அவள் வாயை மூடிக்கொண்டாள், நான் ஊரெல்லாம் சொன்னேன். செவ்வாய்க்கிழமையோடு நிறுத்தியாச்சு. நிறுத்தியது அவள்தான்.

சின்னவள் அதை இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை எழுத்து தெரியவில்லை. டாக்டர் பஞ்சு டப்பாவை அவள் பக்கம் தள்ளினார்.

நிர்வாகியைக் கூப்பிட்டார்கள். அவர், "பட்டியல்ல அந்தப் பாடம் இல்லையே டாக்டர்" என்றார். "இல்லைன்னா சேர்த்துக்குங்க" என்றார் டாக்டர். "மூணு மாசம் பார்ப்போம். கேட்டு எழுதறது மட்டும்தான் வேலை. மத்தது எங்க பாடு." நிர்வாகி தலைமேல் இருந்த கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, பட்டியலின் கடைசியில் பேனாவால் எழுத ஆரம்பித்து, நிமிர்ந்தார். "மெய்யியல்... எத்தனை யகரம்மா வரும்?"

"மூணு சார். முதல் ஒண்ணு மெய், மத்த ரெண்டும் உயிர்மெய்" என்று சொல்லப்போய், "ஒரு ய், ரெண்டு யி" என்று உளறி, கடைசியில் அவளே வாங்கி எழுதிக் கொடுத்தாள். அச்சக முதலாளி பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

வீட்டுக்கு அவள் நடந்து வரவில்லை, ஓடிவந்தாள். முன்னறையில் அம்மா வாய் நிறைய குண்டூசியோடு ஒரு பெண்ணுக்குப் பாவாடை ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். சின்னவளின் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. ஒன்றும் சொல்ல முடியவில்லை, வாயில் ஊசி.

அந்தப் பெண்தான் பேசினாள். "வாம்மா. உடம்பைப் பத்திப் படிச்ச பொண்ணு நீதானே? எனக்கு ஒரு வாரமா முதுகு..."

அம்மா குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து நிதானமாகப் பஞ்சுத் திண்டில் குத்தினாள். "உடம்பு இல்லைங்க. அது நான் தப்பாச் சொன்னது" என்றாள். "இவ படிச்சது உண்மையைப் பத்தி. உடம்பை டாக்டர் பார்த்துக்குவாங்க. எங்க வலிக்குதுங்கற உண்மையை யாராவது கேட்டு வாங்கணும் இல்லையா? அதுக்கு இவளைத்தான் வெச்சிருக்காங்க. திங்கட்கிழமை அங்க வாங்க."

திங்கட்கிழமை என்று யாரும் அம்மாவுக்குச் சொல்லவில்லை. ஆனால் அதுதான் சரியாகவும் இருந்தது.

சாயங்காலம் பெரியவள் வந்து கணக்கியல் படிவத்தைத் தேடினாள். அது ஐயோ ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் தங்கையைக் கட்டிக்கொண்டு, "எனக்கு எவ்வளவு பெரிய பாரம் இறங்குச்சு தெரியுமா? மூணு வருஷமா அம்மா என்னை ஏதாவது கேட்டுடுவாங்களோன்னு பயந்தே செத்தேன்" என்றாள். அப்பா திருப்பத்தில் நன்றாகச் சாய்ந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "சில பேர் டிக்கெட் எடுத்துட்டு, எங்க இறங்கறதுன்னு தெரியாம வேடிக்கை பார்த்துக்கிட்டே வருவாங்க. கடைசில பார்த்தா நல்ல இடத்துல இறங்கிப் போவாங்க" என்றார். "அந்த வரலாறு படிச்சவரும் ஏதோ பெரிய வேலையில இருக்காராம். இன்னைக்குத்தான் கேட்டேன்."

விவரம் எழுதுகிறவர்களுக்கு மருத்துவமனையில் வெள்ளைக் கோட்டு கிடையாது. இளநீலத்தில் ஒரு மேல்சட்டை. அம்மா அதை ஞாயிற்றுக்கிழமையே தைத்து முடித்தாள். வலது பக்கம் சீட்டு வைக்கத் தனியாக ஒரு பை, அதற்கு மேல் பேனாவுக்கு ஒரு தையல். சின்னவளை ஜன்னல் பக்கம் நிறுத்திப் போட்டுப் பார்க்கச் சொன்னாள்.

"கையைத் தூக்கு. இறக்கு. உட்கார். எங்கயாவது பிடிக்குதா?"

"ரொம்பப் பிடிச்சிருக்கும்மா."

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுடி" என்று அம்மா அளவு நாடாவின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.